வீட்டை அலங்கரிக்கும்போது எங்கே தவறுகிறோம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த மேசையை எங்கே போடுவது, சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று யோசனை சொல்வதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. கேட்கிறவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதே இல்லை. சொன்னதையே சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்களில் முன்னதைச் சுட்டுவதற்காக எண் போட்டிருக்கிறேன்.

1. முதலில் பெயின்ட் அடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதானே? எதிலிருந்து தொடங்குவது?

பெயின்டைச் சுவரில் பூசுவது முன்னதாக இருக்கலாம். சாமான்கள் வருவதற்குள் பூசிவிடுவது வசதியும்கூட. ஆனால் எந்த வண்ணம் என்ற முடிவு கடைசியில்தான் வர வேண்டும். பெயின்டை ஆயிரக்கணக்கான சாயல்களில் கலந்து தருவார்கள். சோபாத் துணியிலோ திரைச்சீலையிலோ உங்களுக்குப் பிடித்தது நாலைந்துதான் தேறும். முதலில் சுவரைப் பூசிவிட்டு அதற்கேற்ற துணியைத் தேடி அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செருப்பு வாங்கிவிட்டு அதற்கேற்ற காலைத் தேடுகிற கதைதான்.

அளவு எடுப்பது, எது எங்கே என்று தீர்மானிப்பது, பெரிய சாமான், துணி, பிறகு சுவர் வண்ணம். இந்த வரிசை கலைந்த வீடுகளில்தான் எனக்கு வேலை அதிகம்.

2. அறை 12க்கு 14 அடி என்று எனக்குத் தெரியும். இன்னும் என்ன அளக்க வேண்டும்?

கதவு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் திறக்கிறது. ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம். சுவிட்ச் பலகைகள் எங்கே. உத்தரம் எங்கே இறங்குகிறது. இவற்றோடு, சாமான் உள்ளே வரும் வழி. மாடிப்படி திரும்பும் இடத்தில் மூன்று இருக்கை சோபா ஒன்று முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் மாட்டிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைக் கழற்றிய பிறகு இறங்கிய நாளை நான் மறக்கவில்லை. அறையை அளந்தவன் நான்தான். படியை அளக்கவில்லை.

எண்கள் கைக்கு வந்த பிறகும் கண்ணை நம்பாதீர்கள். வாங்கப்போகும் சோபா 7 அடி நீளம், 3 அடி ஆழம் என்றால் அதே அளவில் செய்தித்தாள்களைத் தரையில் பரப்பிக் காகித டேப்பால் ஒட்டுங்கள். டீப்பாய், டிவி மேசை எல்லாவற்றுக்கும் இப்படியே. பிறகு இரண்டு நாள் அந்த அறையில் வழக்கம்போல் நடமாடுங்கள். ஒரு வீட்டில் காலையில் ஒட்டிய காகிதச் சோபாவின் இடது மூலை சாயங்காலத்துக்குள் கிழிந்து சுருண்டிருந்தது. பால்கனிக்குப் போகிற அத்தனை பேரும் அதைத்தான் மிதித்திருக்கிறார்கள். சோபாவை ஒன்றரை அடி தள்ளிப் போட வேண்டும் என்று அந்தக் கிழிசல் சொல்லிவிட்டது.

3. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுவது?

40 முதல் 45 செ.மீ. உட்கார்ந்தபடியே கோப்பையை எடுக்க முடியும், முழங்காலும் இடிக்காது. டீப்பாயின் உயரம் சோபா இருக்கைக்குச் சமமாகவோ சற்றுத் தாழ்வாகவோ இருக்கட்டும். ஆட்கள் நடக்கும் வழிக்கு 75 முதல் 90 செ.மீ. வேண்டும். சாப்பாட்டு மேசையில் ஓர் ஆளுக்கு 60 செ.மீ. அகலம், நாற்காலியைப் பின்னால் இழுத்து எழுந்திருக்க மேசை விளிம்பிலிருந்து சுவர்வரை 90 செ.மீ.

4. எல்லாவற்றையும் சுவரோடு ஒட்டிப் போட்டால் நடுவில் நிறைய இடம் கிடைக்குமே. அது எப்படித் தவறாகும்?

கிடைக்கிற இடத்தில் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் உட்கார்ந்திருப்பவர்கள் குரலை உயர்த்திப் பேசுகிறார்கள், நடுவில் வெறுந்தரை. பேருந்து நிலையக் காத்திருப்பு அறை இப்படித்தான் இருக்கும். பெரிய அறையானால் சோபாவைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்து, நாற்காலிகளை அதை நோக்கித் திருப்பிப் போடுங்கள். இரண்டு இருக்கைகளுக்கு இடையே எட்டு அடிக்கு மேல் போனால் பேச்சு அறுந்துவிடும். சின்ன அறையில் சோபா சுவரை ஒட்டியே இருக்கட்டும். நாற்காலி ஒன்றைச் சற்றுச் சாய்த்துப் போட்டாலே போதும்.

5. அறை சிறியது என்பதால் எல்லாம் சின்னதாகத்தான் வாங்கினேன். ஆனாலும் நெரிசலாக இருக்கிறதே?

சின்னதாக வாங்கியதுதான் காரணம். கண் பொருள்களின் பருமனைவிட எண்ணிக்கையைத்தான் முதலில் கணக்கெடுக்கிறது. பன்னிரண்டு குட்டிச் சாமான்கள் இருக்கும் அறையைவிட ஐந்து சரியான அளவுச் சாமான்கள் இருக்கும் அறை விசாலமாகத் தெரியும். மூன்று சிற்றலமாரிகளுக்குப் பதிலாக உட்கூரை வரை எழும்பும் ஒரே அலமாரியை வையுங்கள். மேலே தூசி படியும் வெற்றிடம் மிஞ்சாது. சோபாவும் டிவி மேசையும் கால்கள் உள்ளவையாக இருந்தால் அடியில் தரை தொடர்ந்து தெரியும். அறை அங்கேயே முடிந்துவிட்டதாகத் தோன்றாது.

6. கம்பளம் விரித்தேன். அறைக்கு நடுவில் பெரிய மிதியடி போட்ட மாதிரி இருக்கிறது.

கம்பளத்தில் எல்லோரும் ஓர் அளவு குறைத்தே வாங்குகிறோம். சோபா, நாற்காலிகள் ஆகியவற்றின் முன்கால்களாவது அதன்மேல் நிற்க வேண்டும். அப்போதுதான் இருக்கைகள் ஒரு கூட்டமாகச் சேரும். சாப்பாட்டு மேசைக்கு அடியில் விரிப்பதானால் மேசையின் நான்கு பக்கமும் 60 செ.மீ. வெளியே நீள வேண்டும். இல்லையென்றால் நாற்காலியை இழுக்கும் ஒவ்வொரு முறையும் பின்கால்கள் கம்பளத்தின் ஓரத்தில் தடுக்கும். வாங்கும் முன் 2ஆம் பதிலில் சொன்ன செய்தித்தாள் வேலையைச் செய்யுங்கள்.

7. படத்தை எந்த உயரத்தில் மாட்டுவது?

இப்போது இருப்பதைவிடத் தாழ்வாக. வீட்டைப் பார்க்காமலே சொல்கிறேன், அநேகமாகச் சரியாக இருக்கும். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் வருவதுபோல் மாட்டினால் நிற்பவரின் கண்ணுக்கு இயல்பாக இருக்கும். ஓவியக்கூடங்களிலும் ஏறத்தாழ இந்த அளவைத்தான் பின்பற்றுகிறார்கள்.

ஆணி அடிக்கும் இடத்துக்கு ஒரு சிறு கணக்கு உண்டு. படத்தின் உயரம் 60 செ.மீ. என்று வையுங்கள். பின்னாலுள்ள கம்பியை விரலால் மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் அது மேல்விளிம்புக்கு 8 செ.மீ. கீழே நிற்கிறது. 145ஓடு பாதி உயரமான 30ஐக் கூட்டி 8ஐக் கழித்தால் 167. அங்கே அடியுங்கள். கம்பியை இழுத்துப் பார்க்காமல் அளப்பதால்தான் சுவரில் இரண்டாவது ஓட்டை விழுகிறது.

சோபாவுக்கு மேலே மாட்டும்போது இந்த 145ஐ மறந்துவிடுங்கள். சோபாவின் முதுகுக்கும் படத்தின் அடிவிளிம்புக்கும் 15 முதல் 20 செ.மீ. இடைவெளிதான் அங்கே கணக்கு. அகலம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கலாம். ஒரே படமாகவும் இருக்கலாம், சிறு படங்களின் கூட்டமாகவும் இருக்கலாம்.

8. அப்படியானால் டிவியும் 145தானா?

வேண்டாம். டிவியை உட்கார்ந்து பார்க்கிறோம். சோபாவில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 105 செ.மீ. உயரத்தில் இருக்கும், திரையின் நடுவும் அதையொட்டியே இருக்கட்டும். அண்ணாந்து பார்க்கும் டிவியால் வருவது கழுத்து வலிதான்.

9. ஜன்னல் அளவுக்குத் துல்லியமாகத் திரைச்சீலை தைத்தேன். வளர்ந்த பிள்ளைக்குப் பழைய பாவாடை போட்ட மாதிரி ஏன் இருக்கிறது?

துல்லியமாக ஜன்னல் அளவுக்குத் தைத்ததால்தான். திரை மாட்டும் கம்பு ஜன்னல் சட்டத்துக்கு 10 முதல் 15 செ.மீ. மேலேயும், பக்கத்துக்கு 15 முதல் 25 செ.மீ. வெளியேயும் போக வேண்டும். திறந்து வைக்கும்போது துணி சுவர்மேல் ஒதுங்கி நிற்கும். கண்ணாடி முழுவதும் வெளிச்சம் வரும், ஜன்னலும் பெரிதாகத் தெரியும். நீளம் தரையைத் தொட வேண்டும், அல்லது ஒரு செ.மீ. மேலே நிற்க வேண்டும். அடியில் மேசையோ அடுப்போ இருக்கும் ஜன்னலுக்கு மட்டும் குட்டைத் திரை.

துணி அகலத்தில் கஞ்சத்தனம் கூடாது. கம்பு 200 செ.மீ. என்றால் மொத்தத் துணி 400 முதல் 500 செ.மீ. இருந்தால்தான் மூடிய பிறகும் மடிப்பு நிற்கும். பருத்தியானால் தைப்பதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். தைத்த பிறகு துவைத்துத் தரையிலிருந்து ஒரு சாண் மேலேறிய திரைகளை என்னால் வரிசையாகக் காட்ட முடியும்.

10. கடையில் பார்த்த சாம்பல் நிறம் வீட்டுச் சுவரில் ஊதாவாகத் தெரிகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. எனக்கே நடந்தது இது. மஞ்சள் சாயல் கொண்ட மரத்தரை உள்ள அறைக்கு, அட்டையில் பார்த்து ஒரு மென்சாம்பலைத் தேர்ந்தெடுத்தேன். காலையில் அழகு. வெயில் இறங்கி விளக்கு போடுவதற்கு முந்தைய அந்த அரைமணி நேரத்தில் நான்கு சுவரும் ஊதாவாகிவிடும். விளக்கைப் போட்டதும் பழையபடி சாம்பல். ஒரு வாரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் பூசினேன்.

காரணங்கள் மூன்று. ஒன்று வெளிச்சம். நேர்வெயில் இல்லாதபோது ஜன்னல் வழியே வருவது வானத்தின் நீலம் கலந்த ஒளி. இரண்டாவது பக்கத்து நிறம். பாரிஸின் கோப்ளான் நெசவாலையில் சாயப் பிரிவுக்கு 1824இல் தலைவரான வேதியியலாளர் மிஷேல் எழேன் செவ்ரலிடம், அங்குச் சாயமேற்றிய கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை; பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கறுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தன. அருகருகே இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று தமக்கு எதிரான நிறத்தை நோக்கித் தள்ளும் என்ற விதியை அவர் 1839இல் வெளியிட்டார். மஞ்சள் தரை என் சாம்பலை ஊதாவை நோக்கித் தள்ளியது அந்த விதிப்படிதான்.

மூன்றாவது பரப்பு. ஒரு சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளி எதிர்ச்சுவரில் மறுபடி படுவதால் நிறம் அழுத்தமாகிறது. அட்டையில் மனத்துக்குப் பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதை எடுங்கள். அடிச்சாயல் புரியவில்லையென்றால் அதே அட்டையின் கடைசியிலுள்ள மிக அடர்ந்த கட்டத்தைப் பாருங்கள். வெளிர்நிறம் ஒளித்து வைத்திருப்பதை அது சொல்லிவிடும்.

11. அதனால்தான் சுவரிலேயே நாலைந்து வண்ணங்களைப் பட்டை பட்டையாக அடித்துப் பார்த்தேன். இன்னும் குழப்பம்தான்.

செவ்ரல் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள். நாலைந்து பட்டைகளும் பழைய சுவரின் நிறமும் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டிருக்கின்றன. இரண்டடிச் சதுர அட்டையில் ஒரே வண்ணத்தை இரண்டு பூச்சு பூசி, முழுதாகக் காயவிடுங்கள். எமல்ஷன் காய்ந்ததும் பெரும்பாலும் ஈரத்தில் இருந்ததைவிட அடர்ந்திருக்கும். அந்த அட்டையைச் சோபாவுக்குப் பின்னால், ஜன்னலுக்கு எதிரே, இருண்ட மூலையில் என்று இடம் மாற்றி, காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பாருங்கள்.

12. மேட் வாங்குவதா, பளபளப்பு வாங்குவதா?

சுவர் மேடுபள்ளமாக இருந்தால் மேட். பளபளப்பு ஒவ்வொரு குழியையும் பட்டி பார்த்த தடத்தையும் காட்டிக்கொடுக்கும், அதிலும் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் சுவரில். ஆனால் மேட் சுவரை அழுத்தித் துடைத்தால் துடைத்த இடம் தனியாகத் தெரியும். குழந்தைகள் கைவைக்கும் நடைவழிக்கும் சமையலறைக்கும் இடைப்பட்ட மென்பளபளப்பு பொருந்தும். உட்கூரைக்கு மேட்.

13. நடுவில் ஒரு பெரிய விளக்கு, நல்ல வெளிச்சம். ஆனாலும் ராத்திரியில் அறை மருத்துவமனை போல இருக்கிறதே?

பல்பு பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கிறதா? அது நடுப்பகல் வானத்தின் நிறம். வேலை முடிந்து உட்காரும் அறைக்குப் பழைய இழை பல்பின் நிறத்தையொட்டிய 2700 முதல் 3000 கெல்வின் வேண்டும். காய்கறி நறுக்கும் மேடைக்கும் படிக்கும் மேசைக்கும் 4000 வரை போகலாம். ஒரே அறையில் இரண்டு நிறங்களைக் கலக்காதீர்கள். ஒரு பல்பு மஞ்சளும் ஒன்று நீலமுமாக எரியும் கூடத்தில் எந்த வண்ணமும் எடுபடாது. அதே பெட்டியில் சிஆர்ஐ என்றொரு எண் இருக்கும், 100க்கு எவ்வளவு என்று. அது 90ஐத் தொட்டால் துணியும் தோலும் உள்ள நிறத்தில் தெரியும். 10ஆம் கேள்விக்காரர்கள் இதையும் பாருங்கள்.

அடுத்தது, விளக்கின் இடம். தலைக்கு மேலே ஒற்றை விளக்கு இருந்தால் எல்லோர் கண்ணுக்குக் கீழேயும் நிழல் விழும். அதே வெளிச்சத்தைப் பிரித்துக் கொடுங்கள்: சோபா ஓரத்தில் ஒரு நிலைவிளக்கு, படிக்கும் இடத்தில் ஒன்று, அலமாரித் தட்டிலோ படத்துக்கு மேலேயோ சிறிதாக ஒன்று. சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கும் விளக்கானால் மேசைப் பரப்பிலிருந்து 75 முதல் 90 செ.மீ. உயரம். அதற்கு மேலே போனால் பல்பு கண்ணில் குத்தும்.

14. கண்ணாடி மாட்டினால் அறை பெரிதாகத் தெரியும் என்றார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே?

கண்ணாடிக்கு எதிரே என்ன இருக்கிறது? ஜன்னல் இருந்தால் இரண்டு ஜன்னல் கிடைக்கும். துணி குவிந்த நாற்காலி இருந்தால் இரண்டு குவியல். மாட்டுவதற்கு முன் ஒருவரைக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள்.

15. ஒரே செட்டாக வாங்கிவிட்டால் பொருத்தம் தானாக வந்துவிடாதா?

வந்துவிடும், கடைக் காட்சியறையின் பொருத்தம். சோபா, டீப்பாய், டிவி மேசை, அலமாரி எல்லாம் ஒரே மரம், ஒரே வளைவு என்றால் கண் நிற்க இடமில்லாமல் வழுக்கிக்கொண்டே போகும். சோபாவும் நாற்காலியும் வேறு வேறாக இருக்கட்டும். ஒரு நிறமோ ஒரு மரச்சாயலோ மட்டும் இரண்டுக்கும் பொதுவாக இருந்தால் உறவு தெரியும்.

நிறத்துக்கு 60-30-10 என்றொரு விகிதம் சொல்வார்கள்: சுவரும் பெரிய பரப்பும் 60, சோபா, திரை 30, குஷன், ஜாடி போன்றவை 10. தொடங்குகிறவர்களுக்கு நல்ல ஊன்றுகோல். அதற்காக அளவுகோலைத் தூக்கிக்கொண்டு சதவீதம் பார்க்க உட்கார்ந்துவிடாதீர்கள்.

16. அலமாரித் தட்டில் ஆசையாக வாங்கியவை நிறைய. எதையும் தூக்கி எறிய மனமில்லை.

எறிய வேண்டாம். எல்லாவற்றையும் இறக்கித் தட்டைத் துடைத்து ஒரு நாள் காலியாக விடுங்கள். மறுநாள் உயரமான ஒன்று, நடுத்தரமான ஒன்று, குட்டையான ஒன்று என்று கூட்டமாக வைத்துக்கொண்டே வாருங்கள். தட்டில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கும்போதே நிறுத்துங்கள். மிச்சத்தைப் பெட்டியில் போட்டு, சில மாதம் கழித்து மாற்றி வையுங்கள். புதிதாக வாங்கியது போலிருக்கும்.

17. உயர அலமாரி லேசாக ஆடுகிறது. சுவரில் ஓட்டை போட மனமில்லாமல் அட்டை செருகி வைத்திருக்கிறேன். சரிதானே?

சரியில்லை. இந்தப் பக்கத்தில் மற்றதையெல்லாம் அசட்டை செய்தாலும் பரவாயில்லை, இதைச் செய்துவிடுங்கள். இழுப்பறைகளைத் திறந்து படியாக ஏறுகிற குழந்தையின் எடை போதும், அலமாரி அப்படியே முன்னால் சாய்ந்துவிடும். மேல்பக்கத்தில் இரும்பு முக்கோணத்தாலோ பட்டையாலோ சுவரோடு பிணைத்துவிடுங்கள். கனமான பொருள்கள் கீழ்த்தட்டில் இருக்கட்டும். துளையிடும்போது சுவிட்ச் பலகைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் நேர் பக்கத்திலும் கைவைக்காதீர்கள். சுவருக்குள் மின்கம்பி பெரும்பாலும் அந்த நேர்க்கோடுகளில்தான் ஓடும்.

18. பழைய வீடு. சுவரில் ஈரம் பூத்துப் பெயின்ட் உரிகிறது. வால்பேப்பர் ஒட்டி மறைத்துவிடலாமா?

மறைத்தால் தாளுக்குப் பின்னால் பூஞ்சை வளரும், சில மாதங்களில் தாளும் உப்பும். நீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்: குழாயா, மேல்தளமா, வெளிச்சுவர் விரிசலா? அதை அடைத்து, சுவர் முழுதாகக் காய்ந்த பிறகுதான் பட்டி, பிரைமர், பெயின்ட்.

பழைய பூச்சைச் சுரண்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்கா 1978இல் வீடுகளுக்கு ஈயப் பெயின்டைத் தடைசெய்தது. பல நாடுகளில் அதற்குப் பிறகும் விற்றது. பழைய அடுக்குகளில் ஈயம் இருந்தால், உலர்ந்தபடி தேய்க்கும்போது பறக்கும் தூள் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கெடுதல். சந்தேகம் இருந்தால் பரிசோதித்த பிறகே தொடுங்கள். அதைச் சுரண்டுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

19. வாடகை வீடு. ஆணியும் அடிக்க முடியாது, பெயின்டும் அடிக்க முடியாது. எனக்கு இதில் என்ன இருக்கிறது?

3, 4, 6, 13, 16. கம்பளம், விளக்கு, சாமான் போடும் விதம் ஆகிய மூன்றும் உங்களோடு அடுத்த வீட்டுக்கும் வரும். படங்களை அலமாரி மேலோ தரையிலோ சுவரில் சாய்த்து வைக்கலாம். வழுக்காதபடி அடியில் ரப்பர் துண்டு ஒட்டுங்கள்.

20. எல்லாம் வாங்கியாகிவிட்டது. படித்துப் பார்த்தால் எல்லாமே தவறு. இனி என்ன செய்வது?

ஒரு மாதத்துக்கு எதையும் வாங்காதீர்கள், பல்பைத் தவிர. முதல் வாரம் பல்புகளை மாற்றுங்கள். அடுத்த வாரம் படங்களைக் கீழே இறக்கி, சோபாவை இடம் மாற்றிப் பாருங்கள். பிறகு திரைக்கம்பை மேலே ஏற்றிப் பாருங்கள். துணி எட்டவில்லையென்றால் அடியில் வேறு நிறத்தில் அகலமான பட்டை ஒன்று சேர்த்துத் தைத்துவிடலாம், வேண்டுமென்றே செய்தது போலவே இருக்கும். சின்னக் கம்பளத்தைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய், கட்டிலிலிருந்து கால் இறங்கும் பக்கத்தில் போடுங்கள். அங்கே அதன் அளவு சரியாகவே இருக்கும்.